வானத்துச் செய்தி போடமுதல் ஒருக்கா வானத்தையும் பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் வெள்ளவத்தையில இருக்கிறன், புறக்கோட்டையில ஒரு கடையில கணக்கு எழுதுறன். உங்கட பேப்பர் அப்பா காலத்தில இருந்தே எங்கட வீட்டுக்கு வருது, இண்டைக்கும் விடிய தேத்தண்ணியோட அம்மா முதல்ல தேடுறது அதைத்தான். அதால உரிமையோட ஒரு விஷயம் எழுதுறன், கோவிக்காம வாசியுங்கோ.

2025 தை மாதம் "கோள்களின் அணிவகுப்பு, 25ஆம் திகதி இரவு மட்டும் பாக்கலாம்" எண்டு ஒரு செய்தி வந்தது ஞாபகமிருக்கும். கூடவே ஒரு படம், ஆறு கோளும் மணிமாலை கோத்த மாதிரி ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு, சனிக்கு வளையத்தோட, வியாழனுக்கு வரியோட. அதை நம்பி அண்டைக்குப் பின்னேரம் எங்கட பிளாட்டில பத்துப் பன்னிரண்டு குடும்பம் மொட்டை மாடிக்கு வந்திட்டினம். லிஃப்ட் மேல்மாடி வரைக்கும் போகாது, அம்மா முழங்கால் வருத்தத்தோட கடைசி ரெண்டு தட்டுப் படியும் என்ர தோளைப் பிடிச்சு ஏறி வந்தா. ஏழு மணி வரைக்கும் எல்லாரும் கடல் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டினம், பிறகு "எங்க கோடு, எங்க மாலை" எண்டு கேட்டினம், பிறகு ஒவ்வொருத்தரா இறங்கிப் போட்டினம். அம்மா மட்டும் "படத்தில வந்தது பொய்யோ தம்பி" எண்டு என்னைக் கேட்டா.

ஐயா, எனக்கு கவலை என்னெண்டா அண்டைக்கு வானத்தில இருந்தது உண்மையிலயே பெரிய காட்சி. மேற்கால கடலுக்கு மேல வெள்ளி, விளக்குக் கொளுத்தி வைச்ச மாதிரி, அதுக்குக் கொஞ்சம் கீழ மங்கலா சனி, தலைக்கு மேல கிட்டத்தட்ட வியாழன், கிழக்குப் பக்கம் சிவப்பா செவ்வாய். செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்தது 16ஆம் திகதிதான், அதால அது நல்ல வெளிச்சமா இருந்த நாட்கள் அது. நாலு கோளை ஒரே நேரத்தில வெறுங்கண்ணால பாத்தம். மற்ற ரெண்டும் யுரேனசும் நெப்டியூனும், அதுகளைக் கொழும்பில வெறுங்கண்ணால பாக்க ஏலாது. கோடு எண்டு சொன்னது வானத்தை ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் வரைக்கும் வளைச்சுப் போற ஒரு பாதை. சூரிய குடும்பம் ஒரு தட்டு மாதிரி தட்டையா இருக்கிறதால கோள்கள் எப்பவும் அந்தப் பாதையிலதான் போகும், எங்கட 27 நட்சத்திரமும் அந்தப் பாதையை ஒட்டித்தான் பிரிச்சு வைச்சிருக்கு. அந்த ஒரு நாள் மட்டும் இல்ல, கிழமைக்கணக்கா அது அப்படியே இருந்தது. "25 மட்டும்" எண்டு போட்டபடியால அடுத்தநாள் ஒருத்தரும் மாடிக்கு வரேல்ல, நானும் மகளும் மட்டும்தான் போய்ப் பாத்தம்.

இதைச் சரிபாக்க ஒரு விஞ்ஞானியும் தேவையில்ல. ஸ்டெலாரியம் எண்டு ஒரு சொஃப்ட்வெயர் இருக்கு, கம்ப்யூட்டருக்கு காசில்லாம இறக்கலாம், பிரான்ஸ் நாட்டு ஃபேபியன் ஷெரோ எண்டவர் 2000ஆம் ஆண்டளவில தொடங்கினது, இருபது வருஷத்துக்கு மேலா உலகம் முழுக்க ஆக்கள் சும்மா உழைச்சு வளத்துக்கொண்டு வருகினம். எஃப் 6 அமத்தினா இடம் கேக்கும், கொழும்பு எண்டு குடுக்கவேணும். எஃப் 5 அமத்தினா திகதியும் நேரமும். அவ்வளவுதான், அண்டைக்கு அந்த நேரம் கொழும்பு வானம் எப்படி இருக்கும் எண்டு அப்படியே திரையில வரும். 25ஆம் திகதி எண்டு போட்டிருந்தா நாலு கோளும் எங்கெங்க நிக்குது எண்டு தெரிஞ்சிருக்கும், 26, 27 எண்டு மாத்திப் பாத்திருந்தா கிட்டத்தட்ட அதே இடத்திலதான் நிக்குது எண்டும் தெரிஞ்சிருக்கும். செய்தி போடமுதல் ரெண்டு நிமிஷ வேலை. முந்தி நடந்ததையும் திருப்பிப் போட்டுப் பாக்கலாம். 2019 மார்கழி 26 சூரிய கிரகணத்தை யாழ்ப்பாணத்தில வைச்சுப் போட்டா வளையம் வரும், கொழும்பில வைச்சுப் போட்டா பிறை மாதிரிக் கடிச்சு விட்டது வரும், அண்டைக்கு நாங்கள் கண்டதும் அதேதான். மகளுக்கு கிரகணம் விளங்கினது புத்தகத்தால இல்ல, இதாலதான்.

நான் இதுக்குள்ள வந்த கதையையும் சொல்லவேணும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிப்பாட்டின காலம். வீட்டுக்குள்ள புழுக்கம் தாங்கேலாம பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனம். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, அடுத்த மாதம் கடை திறப்பினமோ எண்டு தெரியாது, மனம் முழுக்க அந்தப் பாரம்தான். மேல போய்ப் படுத்தா வானம் முழுக்க நட்சத்திரம். வெள்ளவத்தையில நான் அப்படி ஒரு வானத்தை அதுக்கு முதல் கண்டதே இல்லை, காலி வீதியும் இருட்டு, மெரின் டிரைவும் இருட்டு. மகளுக்கு அப்ப எட்டு வயசு, "அப்பா அந்த மூண்டும் ஏன் நேரா நிக்குது" எண்டு மேற்குப் பக்கம் காட்டிக் கேட்டாள், எனக்குப் பதில் தெரியேல்ல. போனில கிடந்த கொஞ்ச சார்ஜில ஒரு வானப்பட ஆப் இறக்கிப் பிடிச்சுப் பாத்தா ஓரியன், அதின்ர இடுப்புப் பட்டி. பக்கத்தில சிவப்பா நிண்ட நட்சத்திரத்துக்குப் பேர் பீட்டல்ஜூஸ் எண்டு போட்டிருந்தது. அம்மாதான் சொன்னா அது எங்கட திருவாதிரை எண்டு. நான் அறுபது தரம் திருவெம்பாவைப் பூசைக்கு விடிய எழும்பிப் போயிருப்பன், கோயிலால வரேக்க அந்த நட்சத்திரம் மேற்கால சரிஞ்சு நிக்கும் எண்டு ஒருநாளும் நிமிந்து பாக்கேல்ல.

அந்தத் திருவாதிரையைப் பற்றியே எவ்வளவு செய்தி எழுதலாம் ஐயா. 2019 கடைசியில இருந்து அது மங்கத் தொடங்கி 2020 மாசியில வழமையான வெளிச்சத்தில ஏறக்குறைய மூண்டில ஒரு பங்குக்கு வந்திட்டுது. மார்கழித் திருவாதிரை கொண்டாடின அந்த நாட்களிலயே மேல அந்த நட்சத்திரம் மங்கிக்கொண்டுதான் நிண்டது, அதுவும் வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியிற அளவுக்கு. வெடிக்கப்போகுது, உலகம் அழியப்போகுது எண்டு வட்ஸ்அப்பில வந்தது எல்லாருக்கும் ஞாபகம், ஆனா பிறகு நடந்ததை ஆர் சொன்னது? நட்சத்திரம் தன்ர மேற்பரப்பில இருந்து கக்கின பொருள் குளிர்ந்து தூசு முகிலாகி எங்கட பக்கத்தை மறைச்சிட்டுது எண்டு பெரிய டெலஸ்கோப்புகளால பாத்துக் கண்டுபிடிச்சினம், நட்சத்திரம் திரும்ப வெளிச்சத்துக்கு வந்திட்டுது. 2025 ஆடியில அதுக்குப் பக்கத்தில ஒரு துணை நட்சத்திரத்தையும் ஹவாயில இருக்கிற ஜெமினி டெலஸ்கோப்பால படம் பிடிச்சிட்டம் எண்டு அறிவிச்சினம். கோயில்ல நாங்கள் கும்பிடுற நாளுக்குப் பேர் குடுத்த நட்சத்திரம், இதைவிட எங்கட வாசகருக்குக் கிட்டின விண்வெளிச் செய்தி வேற என்ன இருக்கு.

இன்னொண்டு. எங்கட நாட்டுக்கே வந்த கதை. 2015 ஐப்பசி 3ஆம் திகதி அமெரிக்காவில அரிசோனாவில இருக்கிற கற்றலினா வானத்தேடல் ஆக்கள் ஒரு சின்னப் பொருளைக் கண்டினம், டபிள்யூ.டி. 1190 எஃப் எண்டு பேர். அது கார்த்திகை 13ஆம் திகதி பகல் 11.48 அளவில இலங்கைக்குத் தெற்கால கடலுக்கு மேல வந்து எரிஞ்சுது. ரெண்டு மீற்றர் அளவு கூட வராத, ரொக்கெட் துண்டா இருக்கலாம் எண்டு கருதின ஒரு பொருள், ஆனா எத்தினை மணிக்கு எந்தக் கடலுக்கு மேல எண்டு கிழமைக்கணக்கா முதலே கணக்குப் போட்டுச் சொல்லிட்டினம், விமானத்தில ஏறிப் போய் எரியிறதைப் படம் பிடிச்சும் வந்தினம். அந்தக் கணக்கைப் போட்ட ஆக்களில முக்கியமானவர் பில் கிரே. அவர் பெரிய அரசாங்க விஞ்ஞானி இல்ல, வானத்தை ஆர்வமாப் பாக்கிற ஆக்களுக்கு சொஃப்ட்வெயர் எழுதி விக்கிற மனுசன், பாதைக் கணக்குப் போடுற அவற்ற சொஃப்ட்வெயரைத்தான் உலகத்தில கனபேர் பாவிக்கினம்.

அதே பில் கிரே 2022 தையில ஒரு ரொக்கெட் துண்டு சந்திரனில மோதப்போகுது, திகதி பங்குனி 4 எண்டு சொன்னார், அது ஸ்பேஸ் எக்ஸ் ரொக்கெட் எண்டும் சொன்னார். உலகம் முழுக்கப் பேப்பரில வந்தது. பிறகு அவருக்கே தெரிய வந்தது தான் ஆளை மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு, 2014இல சீனா சந்திரனுக்கு அனுப்பின ஒண்டின்ர துண்டாத்தான் இருக்கவேணும் எண்டு. உடனே தன்ர பக்கத்தில எங்க பிழைச்சது, ஏன் பிழைச்சது எண்டு வரி வரியா எழுதிப்போட்டார். சீனா இல்லையெண்டு சொன்னது, அது வேற கதை. ஆனா மோதினது அவர் சொன்ன நாளில, மோதின இடத்தில ரெட்டைக் குழி விழுந்து கிடக்கிறதை நாசாவின்ர சந்திர சுற்றுக்கலம் படமும் எடுத்தது. எனக்கு அந்த மனுசனில மரியாதை வந்தது கணக்குச் சரியா வந்ததால இல்ல, பிழையை ஒளிக்காம எழுதினதால. தை 25க்குப் பிறகு உங்கட பேப்பரில ஒரு நாலு வரித் திருத்தம் வரும் எண்டு நான் ஒரு கிழமை பாத்தன் ஐயா. வரேல்ல. அதுதான் மனசில கிடந்தது.

செவ்வாய் சந்திரன் அளவு தெரியும் எண்டு ஒவ்வொரு ஆவணிக்கும் ஒரு மெசேஜ் வரும். அது 2003 ஆவணி 27ஆம் திகதி செவ்வாய் ஏறக்குறைய 60,000 வருஷத்தில இல்லாத அளவு கிட்ட, 5 கோடியே 58 இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்கு வந்த நேரத்துக் கடிதம். 75 மடங்கு பெருசாக்கிற டெலஸ்கோப்பால பாத்தா வெறுங்கண்ணுக்குச் சந்திரன் தெரியிற அளவு தெரியும் எண்டு எழுதியிருந்தது, ஆரோ முன்பாதியை விட்டிட்டு பின்பாதியை மட்டும் அனுப்பிவிட்டினம். இருபது வருஷத்துக்கு மேலா அந்தப் பாதி வசனம் சுத்திக்கொண்டு திரியுது.

3ஐ அட்லஸ் எண்ட வால்வெள்ளிக்கும் அதேதான் நடந்தது. 2025 ஆடி 1ஆம் திகதி சிலியில இருக்கிற அட்லஸ் டெலஸ்கோப் கண்டது, வேற ஒரு சூரிய குடும்பத்தில இருந்து எங்கட பக்கம் வந்த பொருட்களில நாங்கள் கண்ட மூண்டாவது. வேற்றுக்கிரகக் கப்பல் எண்டு யூடியூப்காரர் கத்தினதைத்தான் எங்கட சனம் கேட்டது. மார்கழி 19இல பூமிக்கு ஆகக் கிட்ட வந்த நேரமும் அது 27 கோடி கிலோமீற்றர் தூரத்தில, சூரியனே 15 கோடிதான். ஸ்டெலாரியத்துக்குள்ள வால்வெள்ளிகளின்ர கணக்கை இறக்கிச் சேர்க்க வசதி இருக்கு, சேர்த்தா அண்டண்டைக்கு எங்க நிக்குது எண்டு காட்டும், நானும் மகளும் கிழமைக்கு ஒருக்கா குறிச்சு வைச்சம். ரெண்டாவதா வந்த போரிசோவைக் கண்டது 2019இல கெனாடி போரிசோவ் எண்ட ஆர்வலர், தன்ர கையால செய்த 65 சென்ரிமீற்றர் டெலஸ்கோப்பால. இந்தச் செய்தி எங்கட பிள்ளையளுக்குப் போய்ச் சேரவேணும், கப்பல் கதை இல்ல.

எங்கட இடத்துக்கு எண்டு எழுதவேணும் எண்டதும் ஒரு முக்கியமான விஷயம். உங்கட சிறுவர் பக்கத்தில துருவ நட்சத்திரத்தைப் பாத்து வடக்குக் கண்டுபிடிக்கலாம் எண்டு ஒருக்கா வந்தது. கொழும்பு 7 பாகை வடக்கில இருக்கு, அதால துருவ நட்சத்திரமும் அடிவானத்தில இருந்து 7 பாகை உயரத்திலதான் நிக்கும். கையை நேரா நீட்டி முட்டி பிடிச்சா ஒரு முட்டி 10 பாகை, அப்ப அந்த ஒரு முட்டி அளவு கூட இல்லை. பம்பலப்பிட்டிக் கட்டடங்களுக்கும் புகைக்கும் பின்னால அது எங்க தெரியிறது. வேற நாட்டுப் புத்தகத்தில இருந்து எடுத்துப் போட்டா இப்படித்தான் வரும். ஆனா எங்களுக்கு மட்டும் கிடைச்சது எவ்வளவு! கனடாவில ஸ்காபரோவில இருக்கிற என்ர தம்பிக்கு துருவ நட்சத்திரம் 44 பாகை உயரத்தில வடிவா நிக்கும், அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) அவனுக்கு அடிவானத்துக்கு மேல வரவே வராது, நான் மாசி மாதம் வீடியோ கோலில காட்டப்போனன், போன் கமராவில ஒரு புள்ளியாத்தான் விழுந்தது, ஆனாலும் அவன் கனநேரம் கதைக்காம பாத்துக்கொண்டு இருந்தான்.

இந்த வைகாசியில இரவு ஒன்பதரைக்கு மாடிக்கு ஏறி வடக்குப் பாத்தா நாலு முட்டி உயரத்தில சப்தரிஷி, அதில வசிட்டரும் பக்கத்தில அருந்ததியும். அப்படியே திரும்பித் தெற்குப் பாத்தா ரெண்டு முட்டிக்குக் கொஞ்சம் மேல தெற்குச் சிலுவை. ரெண்டும் ஒரே நேரம் உச்சத்தில நிக்கிற வானம் எங்களுக்கு. நடுவில தலைக்கு மேல சித்திரை நட்சத்திரம், கிழக்குப் பக்கமாக் கொஞ்சம் தள்ளி சுவாதி. கலியாணத்தில பட்டப்பகல்ல ஐயர் அருந்ததி பாக்கச் சொல்லுவார், நாங்களும் முகட்டைப் பாத்துத் தலையாட்டுவம், அந்த அருந்ததியை ஒரு சின்னப் பைனாகுலரால கொழும்பு வெளிச்சத்துக்குள்ளயும் பிரிச்சுப் பாக்கலாம். அம்மாவுக்குக் காட்டினன், "கலியாணம் கட்டி ஐம்பது வருஷத்துக்குப் பிறகு கண்டன்" எண்டு சொன்னா.

போனில ஆப் பாவிக்கிற ஆக்களுக்கும் ஒண்டு எழுதவேணும். மாடியில கம்பியும் தகரமும் கிட்ட இருந்தா, இல்லாட்டி போன் கவரில காந்தம் இருந்தா திசை பிழைச்சுக் காட்டும், கனபேர் ஆப் சரியில்ல எண்டு அழிச்சுப்போடுறது அதாலதான். கவரைக் கழட்டிப்போட்டு, போனைக் கையில பிடிச்சு காத்தில 8 எழுதுற மாதிரி நாலைஞ்சு தரம் சுழட்டினா சரிவரும். முதல்ல நிச்சயமாத் தெரிஞ்ச ஒண்டை, சந்திரனையோ வெள்ளியையோ வைச்சு ஒத்துப்பாக்கிறது நல்லது.

கொழும்புக்கு வானம் புதுசில்ல ஐயா. கோளரங்கம் 1965இல இருந்து இருக்கு, விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956இல இங்க வந்து கடைசிவரைக்கும் இங்கயே இருந்து கனத்தை மயானத்தில அடக்கமாகியிருக்கிறார், அவர் பேரில மொரட்டுவையில இருக்கிற நிறுவனத்தில 45 சென்ரிமீற்றர் டெலஸ்கோப் இருக்கு. மாதா மாதம் பூரணைக்கு லீவு விடுற நாடு இது, வெசாக் எண்ட பேரே விசாகத்தில இருந்து வந்ததுதான். இல்லாதது ஒண்டு, தமிழில கிழமைக்கு ஒருக்கா சரியாச் சொல்ல ஒரு இடம். ராசிபலனுக்கு அரைப்பக்கம் போடுறீங்கள், அதை எடுக்கச் சொல்லேல்ல, அம்மா விடமாட்டா. அதுக்குப் பக்கத்தில ஒரு உள்ளங்கை அளவு இடம் தாங்கோ. இந்தக் கிழமை கொழும்பில, யாழ்ப்பாணத்தில, மட்டக்களப்பில இரவு எட்டு மணிக்கு என்ன தெரியும், சந்திரன் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில, விண்வெளி நிலையம் எப்ப தலைக்கு மேல போகும், ஒரு புதுக் கண்டுபிடிப்பு நாலு வரியில. பேர் எல்லாம் எங்கட பேர், பக்கத்தில உலகம் சொல்லுற பேர்.

பள்ளிக்கூடங்களுக்கும் அதால வழி திறக்கும். ஹவாயில பான்ஸ்டார்ஸ் டெலஸ்கோப் எடுத்த படங்களை உலகம் முழுக்க மாணவருக்கு அனுப்புற திட்டம் ஒண்டு நடக்குது, அஸ்ட்ரோமெட்ரிக்கா எண்ட சொஃப்ட்வெயரில ஒரே இடத்தின்ர நாலு படத்தை மாறி மாறி ஓடவிட்டா நட்சத்திரங்கள் அசையாது, சிறுகோள் மட்டும் நகர்ந்து காட்டும், அதைக் குறிச்சு அனுப்புறது பிள்ளையளின்ர வேலை. ஒரு பழைய லப்டொப்பும் இன்டர்நெட்டும் காணும். எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடங்களில எத்தினை ஆசிரியர்மாருக்கு இது தெரியும்? உங்கட பேப்பரில வந்தா தெரியும்.

இந்தக் கடிதத்தோட வைகாசி மாதத்துக்கு ஒரு வான வரைபடம் வைச்சிருக்கிறன். ஸ்டெலாரியத்தில எடுத்து, வெள்ளைத் தாளில கறுப்புப் புள்ளியா மாத்தி, பேரெல்லாம் மகள் தன்ர கையால தமிழில எழுதினது, ரெண்டு இரவு மாடியில வைச்சு வானத்தோட ஒத்துப்பாத்தும் போட்டம். காசு ஒண்டும் வேண்டாம், பேரும் போடவேண்டாம், மாதா மாதம் செய்து தாறம். இடம் காணாட்டி தெற்குச் சிலுவை இருக்கிற கீழ்ப்பாதியை மட்டும் வெட்டிப் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகன்